மன்னிக்கும் உரிமை யாருடையது? மாற்கு 2:1–12-ஐ வைத்து உட்கார விரும்புவோருக்கு

“தான் கடவுள் என்று இயேசு எங்கே சொன்னார்?”

நாகூர் தர்கா, சிக்கல் சிங்காரவேலர், வேளாங்கண்ணி மாதா என்று ஒரே நாளில் மூன்று இடத்திலும் கும்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள் வாழும் காவிரிப் படுகையில், கிறிஸ்தவர்களிடம் இப்படிக் கேட்பது சகஜம். கேட்பவர் பெரும்பாலும் வம்புக்குக் கேட்பதில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். தடுமாறுவது பதில் சொல்ல வேண்டியவர்தான். ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையை வாய் தவறாமல் சொல்கிறோம். அந்த அறிக்கைக்கு அடியில் கிடக்கும் சுவிசேஷப் பகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நிதானமாக உட்கார்ந்து வாசித்தவர்கள் குறைவு.

“நான் கடவுள்” என்ற இரண்டு சொல் வாக்கியம் நான்கு சுவிசேஷங்களிலும் இயேசுவின் வாயில் வராது. அதைத் தேடி ஏமாற வேண்டாம். கடவுள் மட்டுமே செய்யக்கூடியவை என்று அந்த மக்கள் ஒதுக்கி வைத்திருந்த காரியங்களை இயேசு சர்வ சாதாரணமாகச் செய்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் திடுக்கிடுகிறார்கள். சுவிசேஷம் எழுதியவர்கள் அந்தத் திடுக்கிடலை விடாமல் பதிவு செய்கிறார்கள். ஆகவே இந்தப் பொருளைத் தியானிக்க உட்காருகிறவர் இயேசுவை மட்டும் பார்த்தால் போதாது. சுற்றி இருப்பவர்களின் முகத்தையும், குறிப்பாகப் பிடிக்காமல் முகம் சுளிப்பவர்களின் முகத்தையும் பார்க்க வேண்டும்.

யோவான் சுவிசேஷத்தில் தொடங்கலாமே என்று தோன்றும். அதன் முதல் வசனமே “அந்த வார்த்தை தேவனாயிருந்தது” என்று விடையை முன்னால் வைத்துவிடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு மாற்குதான் நல்லது என்பது எங்கள் எண்ணம். அவர் விடையைச் சொல்லாமல் சம்பவத்தை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அதிலும் இரண்டாம் அதிகாரத்தின் முதல் 12 வசனங்கள் ஒரு வாரத்துக்குத் தாங்கும். சம்பவம் இதுதான்: கப்பர்நகூமில் ஒரு வீட்டில் இயேசு பேசிக்கொண்டிருக்கிறார். நாலு பேர் கூரையைப் பிரித்து, கைகால் முடங்கிய ஒருவனைப் படுக்கையோடு அவர் முன்னால் இறக்குகிறார்கள். அவர் முதலில் அவன் பாவம் மன்னிக்கப்பட்டது என்கிறார். அங்கே இருந்த வேதபாரகர், அதாவது வேதச் சட்டம் கற்றவர்கள், உள்ளுக்குள் பதறுகிறார்கள். பிறகு அவனை எழுந்து நடக்கச் சொல்கிறார், அவன் நடக்கிறான்.

உட்காருவதற்கு முன்

ஒரு வேதாகமம், நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில். ஏறக்குறைய நாற்பது நிமிஷம். அலைபேசியில் வேதாகமம் வாசிப்பதில் தப்பில்லை. ஆனால் இந்தப் பயிற்சிக்கு வசனங்களுக்கு அடியில் கோடு போட வேண்டும், பக்கத்தைப் புரட்டிப் பழைய ஏற்பாட்டுக்குப் போக வேண்டும், திரும்ப வர வேண்டும். அச்சுப் புத்தகமே வசதி.

பகுதியை வாய்விட்டு மூன்று முறை வாசியுங்கள். ஒரு முறைக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. முதல் வாசிப்பில் ஒன்றும் தேடாதீர்கள். இரண்டாவதில் இயேசு செய்கிற செயல்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். மூன்றாவதில் மற்றவர்கள் பேசுவதையும் நினைப்பதையும் வட்டமிடுங்கள்.

சீர்திருத்த சபையார் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘திமிர்வாதக்காரன்’, ‘வேதபாரகர்’, ‘மனுஷகுமாரன்’ என்று இருக்கும். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘முடக்குவாதமுற்றவர்’, ‘மறைநூல் அறிஞர்’, ‘மானிடமகன்’. இரண்டும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது நல்லது. பழக்கத்தால் காதில் வழுக்கிப் போகும் சொல், வேறு உருவில் வரும்போது நிறுத்திக் கேட்க வைக்கும். தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. இந்தப் படுகையில் 300 ஆண்டுகளுக்கு மேலாக அச்சுத் தமிழில் வாசிக்கப்பட்டு வரும் பகுதி இது. அதனாலேயே ‘எல்லாம் தெரிந்த கதைதானே’ என்ற அலுப்பும் கூடவே வந்து உட்காரும்.

‘சாமி’ என்ற சொல்லின் விலை

தமிழில் ‘சாமி’ என்ற சொல் தாராளமானது. பங்குக் குருவும் சாமி, சபரிமலைக்கு மாலை போட்டவரும் சாமி. ஆபத்தில் ரத்தம் கொடுக்க ஓடி வந்தவரிடம் “தெய்வம் மாதிரி வந்தீங்க” என்று கை கூப்புகிறோம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இயேசுவையும் ஓர் அவதாரமாகச் சேர்த்துக்கொள்ளத் தயங்காத பக்கத்து வீட்டாரின் மனசு பெரியதுதான். ஆனால் அந்தப் பெரிய மனசோடு மாற்கு 2-ஐ வாசித்தால், வேதபாரகர் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள் என்பதே விளங்காது.

முதல் நூற்றாண்டு யூதருக்கு உபாகமம் 6:4 தினசரி ஜெபம்: “நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்.” படைத்தவர் ஒரு பக்கம். மனிதர், தூதர், ராஜா, தீர்க்கதரிசி எல்லாரும் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வரப்பின்மேல் ஏறி நிற்க யாருக்கும் இடம் கிடையாது. கர்த்தருடைய நாமத்தைத் தூஷித்தவனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்பது லேவியராகமம் 24:16. அந்தச் சட்டத்தை மனசில் வைத்துக்கொண்டு கப்பர்நகூம் வீட்டுக்குள் நுழையுங்கள். ‘தேவதூஷணம்’ என்று ஒருவர் மனசுக்குள் நினைத்தாலே அது உயிர் சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டு.

வீடு

‘மேற்கூரையைப் பிரித்து’ என்று நாலாம் வசனத்தில் வாசித்ததும் நமக்குக் கீற்று வீடுதான் கண்ணில் வரும். நாலு கட்டை அவிழ்த்து, இரண்டு கீற்றை நகர்த்தினால் வழி. அங்கே அப்படி இல்லை. கப்பர்நகூம் கலிலேயாக் கடலின் வடகரையில் இருந்த மீன்பிடி ஊர். வீடுகளுக்குக் கருங்கல் சுவர். மேலே மரச்சட்டங்களைப் பரப்பி, நாணலும் கிளையும் போட்டு, மண்ணை அப்பிக் கெட்டித்த தட்டைத் தளம். வெளியிலிருந்து படிக்கட்டு வைத்து ஏறிப்போகலாம். மாற்கு இங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்குத் ‘தோண்டி’ என்றே பொருள். கீழே பேசிக்கொண்டிருப்பவர் தலையில் மண் விழுந்திருக்கும். படுக்கை என்பதும் கட்டில் அல்ல. ஏழைகள் சுருட்டித் தூக்கிக்கொண்டு போகக்கூடிய எளிய விரிப்பு. நம் கோரைப்பாயை நினைத்துக்கொண்டால் தூரமில்லை.

தமிழில் ‘தூக்க நாலு பேர் வேண்டும்’ என்றால் அது எந்தப் பயணத்தைக் குறிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூல நூலில் அந்த எதிரொலி கிடையாது, நம் மொழிதான் அதைச் சேர்க்கிறது. ஆனாலும், நாலு பேர் தூக்கி வந்தவன் 12-ஆம் வசனத்தில் தன் பாயைத் தானே தூக்கிக்கொண்டு போகிறான் என்பதைத் தமிழ்க் காது ஒரு முறை கேட்டுவிட்டால் மறக்காது.

இந்த நாலு பேரை வைத்து நட்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யலாம், நிறையச் செய்தாயிற்று. நம் பொருளுக்கு அவர்கள் வாசல்தான். கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடாமல் கீழே இறங்குங்கள்.

ஐந்தாம் வசனம்

பாயில் கிடப்பவன் எழ வேண்டும் என்பதற்காகத் தூக்கி வந்திருக்கிறார்கள். கேட்டது கால். கிடைத்தது: “மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது.” தூக்கி வந்தவர்களுக்கு அந்த நிமிஷம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம். மாற்கு அதைச் சொல்லவில்லை. நோயாளி வாயே திறக்கவில்லை.

இங்கே புதிதாகத் தியானிப்பவர் பொதுவாக ஒரு தப்பு செய்வார். ‘பாவத்தை மன்னித்தார், ஆகவே கடவுள்’ என்று ஒரே தாவலில் முடிவுக்குப் போய்விடுவார். அவசரப்பட வேண்டாம். வாக்கியத்தை மறுபடி பாருங்கள்: ‘மன்னிக்கப்பட்டது’. செயப்பாட்டு வினை. யாரால் மன்னிக்கப்பட்டது என்று அதில் இல்லை. ‘கடவுள் உன்னை மன்னித்துவிட்டார், நான் அதைச் சொல்கிறேன்’ என்ற அர்த்தத்தில் ஒரு தீர்க்கதரிசியும் இப்படிப் பேசியிருக்க முடியும். தாவீது தன் பாவத்தை ஒத்துக்கொண்டபோது நாத்தான் சொன்னது அதுதான்: “கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்” (2 சாமுவேல் 12:13). லேவியராகமம் 4-ஆம் அதிகாரத்தில் ஆசாரியன் பலி செலுத்துவான், பாவம் செய்தவனுக்கு ‘மன்னிக்கப்படும்’ என்று வசனம் முடியும். ஆசாரியன் மன்னிப்பதில்லை. அவன் கை வழியாக நடக்கிறது, அவ்வளவுதான்.

சொசைட்டிக் கடனை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். பயிர்க்கடன் தள்ளுபடி என்று அரசாணை வந்தால், கூட்டுறவுச் சங்கச் செயலர் பட்டியலைப் பார்த்து, “ஐயா, உங்க கடன் தள்ளுபடி ஆயிடுச்சு” என்பார். அவர் சொன்னது உண்மை. ஆனால் தள்ளுபடி செய்தது அவர் இல்லை. அவர் மேசைக்குப் பின்னால் அரசாணை இருக்கிறது. இப்போது டீக்கடையில், சங்கத்துக்கும் அரசுக்கும் சம்பந்தமே இல்லாத ஒருவர், கையில் எந்தக் காகிதமும் இல்லாமல், “உன் கடனை நான் தள்ளுபடி செய்துவிட்டேன், வீட்டுக்குப் போ” என்று சொன்னால்? சிரிப்பார்கள். சிரிக்காமல் இருக்க வேண்டுமென்றால் கொடுத்த பணம் அவருடையதாக இருக்க வேண்டும்.

வேதபாரகர் சிரிக்கவில்லை. “தேவன் ஒருவரேயன்றி பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்?” என்று உள்ளுக்குள் கேட்கிறார்கள். பிரசங்கங்களில் இவர்களை வில்லன்களாக்கி விரட்டிவிடுவது வழக்கம். அது நமக்குத்தான் நஷ்டம். இவர்களுடைய வேத அறிவு சரி. “நான், நானே உன் மீறுதல்களை என் நிமித்தமாகவே குலைத்துப்போடுகிறேன்” என்று கர்த்தர் சொல்லும் ஏசாயா 43:25-ஐ அவர்கள் மறக்கவில்லை. அவர்கள் கேள்வியில் இருக்கும் ‘ஒருவரே’ என்ற சொல், உபாகமம் 6:4-இன் ‘ஒருவரே’தான். அவர்கள் போட்ட வாய்பாடு இது: மன்னிப்பது கடவுள் மட்டும், இவர் மன்னிக்கிறார், ஆகவே இவர் கடவுளின் இடத்தை எடுத்துக்கொள்கிறார். முதல் இரண்டு படியும் சரி. மூன்றாவதும் சரியே. ‘எடுத்துக்கொள்கிறார்’ என்பதா, ‘அது அவருடைய இடமே’ என்பதா என்ற இடத்தில்தான் வழி பிரிகிறது.

நோட்டில் இந்த வாய்பாட்டை உங்கள் சொந்தச் சொல்லில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் இன்னும் நாலாம் வசனத்தில் கூரையிலேயே நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

விலகிக்கொள்ள இருந்த வழி

இயேசுவுக்கு இங்கே சுலபமாகத் தப்பிக்க வழி இருந்தது. “நான் அப்படிச் சொல்லவில்லை. மன்னித்தவர் தேவன், நான் அறிவித்தேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேதபாரகர் அமைதியாகியிருப்பார்கள். செயப்பாட்டு வினை அதற்கு இடம் கொடுத்தது. அவர் அந்தக் கதவை அடைத்துவிடுகிறார்: “பூமியிலே பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டென்பதை நீங்கள் அறியவேண்டும்.” சந்தேகத்துக்கு இடம் வைத்திருந்த வாக்கியத்தை, சந்தேகமே இல்லாத வாக்கியமாக அவரே மாற்றுகிறார். இந்தப் பகுதியின் திருப்பம் இங்கே இருக்கிறது, நோயாளி எழுந்து நடப்பதில் அல்ல.

இதற்கு முன்னால் எட்டாம் வசனத்தைத் தாண்டி வந்துவிடாதீர்கள். அவர்கள் வாய் திறந்து ஒன்றும் பேசவில்லை. ‘தங்கள் இருதயங்களில்’ நினைத்தார்கள். இயேசு அதற்குப் பதில் சொல்கிறார். எல்லா மனுஷர் இருதயத்தையும் அறிந்தவர் நீர் ஒருவரே என்று சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டையின்போது ஜெபித்தது 1 இராஜாக்கள் 8:39-இல் இருக்கிறது. மாற்கு அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. தெரிந்தவர் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். சங்கீதம் 103:3-ஐயும் எடுத்து நோட்டில் பக்கத்தில் எழுதுங்கள்: “அவர் உன் அக்கிரமங்களையெல்லாம் மன்னித்து, உன் நோய்களையெல்லாம் குணமாக்கி”. கர்த்தரைப் பற்றிய ஒரே வசனத்தில் மன்னிப்பும் குணமும் அடுத்தடுத்து நிற்கின்றன. கப்பர்நகூம் வீட்டில் இரண்டும் அதே வரிசையில் நடக்கின்றன.

இன்னொன்று: ஆலயம் இருந்தது எருசலேமில், தெற்கே பல நாள் நடை. பலி, ஆசாரியன், பீடம் எதுவும் இல்லாமல், ஓட்டை விழுந்த ஒரு வீட்டுக்குள், மண் தூசியின் நடுவே மன்னிப்பு கொடுக்கப்படுகிறது. வேதபாரகரின் பதற்றத்தில் இதுவும் சேர்ந்திருக்க வேண்டும்.

‘எது எளிது?’

‘உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது’ என்று சொல்வதா, ‘எழுந்து நட’ என்று சொல்வதா, எது எளிது என்று ஒன்பதாம் வசனத்தில் இயேசு வேதபாரகரிடம் கேட்கிறார். பலர் இந்தக் கேள்வியைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘மன்னிப்பது எளிது, குணமாக்குவது கடினம்’ என்று இயேசு சொல்வதாக நினைக்கிறார்கள். அவர் கேட்டது எதைச் *சொல்வது* எளிது என்று. ‘மன்னித்தாயிற்று’ என்று யாரும் சொல்லிவிடலாம். நடந்ததா இல்லையா என்று எட்டிப் பார்க்க முடியாது. ‘எழுந்து நட’ என்று சொன்னால் அடுத்த நொடியில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கக் கடைமடை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கப்படும். ‘தண்ணி திறந்தாச்சு’ என்ற செய்தி அன்றைக்கே ஊர் வந்துவிடும். தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் பிரிந்து, கிளை வாய்க்கால் கடந்து கடைசி மடையில் தலைகாட்டினால்தான் அவர் நாற்றங்காலைப் பற்றி யோசிப்பார். மடையில் வந்த தண்ணீர் மேட்டூரில் நடந்ததற்குச் சாட்சி. அதுபோலத்தான் இங்கேயும். எழுந்து நடந்த கால், யார் கண்ணுக்கும் தெரியாமல் நடந்துவிட்ட ஒன்றுக்குச் சாட்சியாக வைக்கப்படுகிறது. “நீங்கள் அறியவேண்டும் என்று” என்ற சொற்களில் அந்தக் காரணத்தை இயேசுவே சொல்லிவிடுகிறார்.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. மேட்டூர்த் தண்ணீர் கடைமடை சேர நாட்கள் ஆகும், சில வருஷம் சேராமலும் போகும். இங்கே மாற்கு போடும் சொல் ‘உடனே’.

குணமாக்கியதால் மட்டும் கடவுளா?

இல்லை. இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எலியா சாறிபாத்தில் விதவையின் மகனை எழுப்பினார் (1 இராஜாக்கள் 17). எலிசாவும் அப்படியே. யாரும் அவர்களைக் கும்பிடவில்லை. வித்தியாசம் அற்புதத்தின் அளவில் இல்லை, அதைச் செய்த விதத்தில் இருக்கிறது. எலியா பிள்ளையின்மேல் மூன்று முறை குப்புற விழுந்து கர்த்தரை நோக்கிக் கூப்பிடுகிறார்.

இதைவிடத் தெளிவான ஜோடி ஒன்று உண்டு. அப்போஸ்தலர் 9:33–34-இல் எட்டு வருஷமாகத் திமிர்வாதத்தில் கிடந்த ஐனேயாவிடம் பேதுரு வருகிறார். அதே நோய், அதே படுக்கை, ஏறக்குறைய அதே கட்டளை. பேதுரு சொல்வது: “இயேசு கிறிஸ்து உன்னைக் குணமாக்குகிறார், நீ எழுந்து...” மாற்கு 2:11-இல் இயேசு சொல்வது: “உனக்குச் சொல்லுகிறேன்.” அவர் ஜெபிக்கவில்லை, தொடவில்லை, வேறொருவர் பெயரைச் சொல்லவில்லை. ‘கர்த்தர் சொல்லுகிறது என்னவென்றால்’ என்ற தீர்க்கதரிசிகளின் வழக்கமான முன்னுரையும் இல்லை. இரண்டு வசனங்களையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எழுவாய்க்கு மட்டும் கோடு போடுங்கள். கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரே ஒரு விஷயம்தான் காட்ட முடியும் என்றால் இதைக் காட்டலாம்.

கத்தோலிக்கர் சிலருக்கு இங்கே ஓர் ஐயம் வரும்: ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) குருவும் ‘மன்னிக்கிறேன்’ என்கிறாரே? அவர் அதைத் ‘தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே’ என்றுதான் சொல்கிறார். பேதுருவின் வரிசையில் நிற்கிறார். மத்தேயு இதே சம்பவத்தை 9:8-இல் முடிக்கும்போது, மனுஷருக்கு இப்படிப்பட்ட அதிகாரத்தைக் கொடுத்த தேவனை மக்கள் மகிமைப்படுத்தினார்கள் என்கிறார். ஊற்று எங்கே, வாய்க்கால் எங்கே என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் குழப்பம் தீரும். சபைகளுக்குள் இதில் கருத்து வேறுபாடு உண்டு. இந்தப் பகுதியைத் தியானிக்க அதைத் தீர்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை.

‘மனுஷகுமாரன்’ என்றால் வெறும் மனிதனா?

‘தேவகுமாரன் என்றால் தெய்வத்தன்மை, மனுஷகுமாரன் என்றால் மனிதத்தன்மை’ என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் மாற்குவில் அது காலை வாரிவிடும். தானியேல் 7:13–14-ஐத் திறங்கள். மனுஷகுமாரனுடைய சாயலான ஒருவர் வானத்து மேகங்களோடு வருகிறார். கர்த்தத்துவமும் ராஜரீகமும் அவருக்குக் கொடுக்கப்படுகின்றன, சகல ஜனங்களும் அவரைச் சேவிக்கிறார்கள். ‘அதிகாரம் உண்டு’ என்று இயேசு சொல்லும்போது பின்னால் நிற்பது இந்தக் காட்சி. அதனால்தான் ‘பூமியிலே’ என்ற சொல்லும் சேர்ந்து வருகிறது. வானத்தில் பெற்ற அதிகாரம் ஒரு மீன்பிடி ஊரின் மண் தரையில் செல்லுபடியாகிறது.

மாற்கு 14:62-க்குப் போனால் இது உறுதிப்படும். பிரதான ஆசாரியன் முன்னால் இயேசு மேகங்களோடு வரும் மனுஷகுமாரனைப் பற்றிப் பேசுகிறார். பிரதான ஆசாரியன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு ‘தேவதூஷணம்’ என்கிறான். இரண்டாம் அதிகாரத்தில் முணுமுணுப்பாகத் தொடங்கிய அதே குற்றச்சாட்டு, பதினாலாம் அதிகாரத்தில் மரண தண்டனையாகிறது. கப்பர்நகூமில் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு எருசலேமில் விலை கொடுக்கிறார். ‘சொல்வதற்கு’ எளிதாக இருந்த மன்னிப்பு, செய்து முடிக்க எவ்வளவு ஆயிற்று என்பது அங்கே தெரியும்.

325-இல் நிசேயாவில் கூடிய சங்கம் ‘பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர்’ என்று வரையறுத்தபோது புதிதாக ஒரு கடவுளை நியமிக்கவில்லை. இப்படிப்பட்ட பகுதிகள் எழுப்பிய கேள்விக்குக் கலைச்சொல் தேடினார்கள். கலைச்சொல்லைப் பிறகு படிக்கலாம்.

யோசிப்பதிலிருந்து ஜெபத்துக்கு

இதுவரை செய்தது வாசிப்பும் யோசிப்பும். 12-ஆம் நூற்றாண்டுக் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ, வாசிப்பு, தியானம், ஜெபம், அமைதியான காத்திருப்பு என்று நாலு படி ஏணி ஒன்றைச் சொன்னார். பலர் இரண்டாம் படியிலேயே, ‘நல்ல பாயிண்ட் கிடைத்தது’ என்ற திருப்தியோடு நோட்டை மூடிவிடுவார்கள். வாதத்தில் ஜெயிக்க வசனம் சேகரிப்பவருக்கு அது போதும். தியானிக்க வந்தவருக்குப் போதாது. இவர் மன்னிக்க உரிமை உள்ளவர் என்றால், அடுத்த கேள்வி நம்மிடம் இருக்கும் எதை இவரிடம் கொண்டுபோவது என்பதுதான்.

பொத்தாம்பொதுவாக ‘நான் பாவி’ என்று சொல்வது எளிது, சோதிக்க முடியாத வாக்கியம் அது. ஒன்றைக் குறிப்பாக எழுதுங்கள். முறைத் தண்ணீரில் ராத்திரி எழுந்து அடுத்தவன் மடையை அடைத்தது. வரப்பை வெட்டும்போது ஒரு சாண் உள்ளே தள்ளி வெட்டியது. நடவுக் கூலியில் பிடித்துக்கொண்டது. அக்காவுக்குச் சேர வேண்டிய பங்கைப் பேசாமலே விட்டது. ஒன்று போதும். அதன் பக்கத்தில் ஐந்தாம் வசனத்தை எழுதி, ‘மகனே’ என்ற இடத்தில் உங்களை வைத்து மெதுவாக வாசியுங்கள். பெண்கள் ‘மகளே’ என்று வாசிக்கலாம். பிறகு ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் இருங்கள். மனசு வயலுக்கும் அடுப்புக்கும் ஓடும். இழுத்து வந்து ‘உனக்கு’ என்ற ஒரு சொல்லில் உட்கார வையுங்கள்.

மடையை அடைத்தது பக்கத்து வயல்காரருக்கு எதிராக. அதை இயேசு எப்படி மன்னிக்க முடியும்? நல்ல கேள்வி. பத்சேபாளுக்கும் உரியாவுக்கும் அநியாயம் செய்த தாவீது, சங்கீதம் 51:4-இல் “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து” என்கிறார். எல்லா அநியாயத்திலும் கடைசியாகப் பாதிக்கப்படுபவர் அந்த மனிதரைப் படைத்தவர் என்பது அதன் உள்ளடக்கம். ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு பக்கத்து வயல்காரரைத் தவிர்க்க முடியாது. வரி வசூலித்து வந்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான் (லூக்கா 19:8). சாயங்காலம் போய் மடையைத் திறந்துவிட்டு, முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வருவதும் இந்தத் தியானத்தில் சேர்ந்ததுதான்.

ஒரு எச்சரிக்கை. பாவமன்னிப்பும் குணமும் ஒரே பகுதியில் வருவதால், ‘வாதம் வந்தது பாவத்தால்தான்’ என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. பக்கவாதத்தில் கிடப்பவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இதைச் சொல்கிறவர்களும் உண்டு. மாற்கு அப்படிச் சொல்லவில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமில்லை இவனைப் பெற்றவர்களுமில்லை என்று இயேசு மறுத்துவிட்டார் (யோவான் 9:2–3). நோயாளி வீட்டில் இந்தப் பகுதியை வாசிக்க நேர்ந்தால், முதலில் யோவான் 9-ஐ வாசித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

அடுத்து எங்கே போவது

இந்தப் பகுதியை ஐந்தாறு நாள் திரும்பத் திரும்ப வாசித்த பிறகு மாற்குவிலேயே தொடரலாம். 2:23–28-இல் மனுஷகுமாரன் ஓய்வுநாளுக்கும் ஆண்டவர் என்கிறார். ஓய்வுநாளை ஏற்படுத்தியவர் யார் என்று கேட்டுக்கொண்டு வாசியுங்கள். 6:45–52-இல் கடலின்மேல் நடந்து வந்து “நான்தான், பயப்படாதிருங்கள்” என்கிறார். அதோடு சமுத்திர அலைகளின்மேல் நடக்கிறவர் என்று கடவுளைச் சொல்லும் யோபு 9:8-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு யோவான் 8:58-க்குப் போனால், “ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்” என்பதில் ‘இருந்தேன்’ என்று ஏன் இல்லை என்று தமிழ் இலக்கணமே நிறுத்திக் கேட்கும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அடுத்த வசனத்தில் கல்லை எடுக்கிறார்கள்.

நாகப்பட்டினம் பக்கம் கடலுக்குப் போகிற குடும்பங்களில் உள்ளவர்கள் மாற்கு 4:35–41-ஐ முதலில் எடுக்கலாம். கொசுவலைபோல் நுணுக்கமான விளக்கம் ஒன்றும் வேண்டாம். கொந்தளிப்பை அமர்த்துகிறவர் கர்த்தர் என்று சொல்லும் சங்கீதம் 107:29-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படகில் இருந்தவர்கள் எப்போது அதிகம் பயந்தார்கள் என்று மட்டும் பாருங்கள்: புயல் அடித்தபோதா, அடங்கிய பிறகா? “இவர் யாரோ?” என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். படகில் யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் மாற்கு அவர்களை அக்கரையில் இறக்கிவிடுகிறார்.